கோஆக்சியல் கேபிளில் பழுது எங்கே? மல்டிமீட்டரை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

கேள்வி இதுதான். மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து செட்டாப் பாக்ஸ் வரை, பாதி சுவருக்குள்ளாக ஓடும் 40 மீட்டர் ஆர்ஜி-6 கேபிள். சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. கையில் இருப்பது சாதாரண மல்டிமீட்டர் மட்டும். பழுது கேபிளில்தானா? அப்படியென்றால் எந்த இடத்தில்? மேலுறையில் 75 ஓம் என்று அச்சடித்திருக்கிறது, மீட்டர் ஏன் அதைக் காட்டவில்லை?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நல்ல கேபிளைப் பழுதென்று வெட்டி எறிபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அந்த 75 ஓமை எந்த மல்டிமீட்டரும் காட்டாது. அது கம்பியின் மின்தடை அல்ல, கேபிளுக்குள் ஓடும் உயர் அதிர்வெண் அலை உணரும் மின்மறுப்பு. நடுக்கம்பியின் தடிமன், ஷீல்டு (அதைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னலும் தாளும்) அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, இடையில் என்ன பிளாஸ்டிக் என்பவை சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. நீளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 10 மீட்டருக்கும் 75தான், 100 மீட்டருக்கும் 75தான். மல்டிமீட்டர் அனுப்புவதோ டிசி. அதனால் கேபிளிடம் அது இரண்டே விஷயங்களைத்தான் கேட்க முடியும். ஒட்ட வேண்டியது ஒட்டியிருக்கிறதா? ஒட்டக் கூடாதது ஒட்டாமல் இருக்கிறதா? ஆனால் பீப் சத்தத்தோடு நின்றுவிடாமல் எண்ணையும் படித்தால், பழுது எத்தனையாவது மீட்டரில் என்பது வரை சொல்லிவிடும்.

முதலில் கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றுங்கள். ஒரு முனையை மட்டும் கழற்றி அளந்தால் நீங்கள் அளப்பது கேபிளை அல்ல, மறுமுனையில் மாட்டியிருக்கும் பொருளை. எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவி), ஸ்பிளிட்டர் (சிக்னலைப் பல கேபிள்களுக்குப் பிரிப்பது), இடிதாங்கிப் பெட்டி, டெர்மினேட்டர் (முனையில் மாட்டும் மின்தடை மூடி) எல்லாமே நடுக்கம்பிக்கும் ஷீல்டுக்கும் நடுவே ஏதோ ஒரு மின்தடையைக் காட்டக்கூடும். பல ஆன்டெனாக்கள் உள்ளமைப்பிலேயே டிசிக்கு நேரடி ஷார்ட். அதைப் பார்த்துக் கேபிள் ஷார்ட் என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கிறது. வழியில் சுவருக்குப் பின்னால் ஸ்பிளிட்டர் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்றும் யோசியுங்கள்.

இன்னொன்று, செட்டாப் பாக்ஸ் இந்தக் கேபிள் வழியாகத்தான் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. ஆன்டெனா பூஸ்டர்களுக்கும் கேபிள் வழியாகவே மின்சாரம் போகும். ஓம் நிலையில் வைத்த மீட்டரை மின்னழுத்தம் உள்ள கம்பியில் வைத்தால் பொய்யான எண் வரும், மீட்டரும் பாழாகலாம். கழற்றிய பிறகும் ஒரு முறை டிசி வோல்ட், ஒரு முறை ஏசி வோல்ட் வைத்துப் பார்த்துவிட்டு ஓமுக்கு மாறுங்கள். வானம் இடிக்கும்போது கூரையிலிருந்து வரும் கேபிளைத் தொடவே வேண்டாம்.

மீட்டரை மிகக் குறைந்த ஓம் நிலையில் வைத்து இரண்டு ப்ரோப்களையும் ஒன்றோடொன்று அழுத்துங்கள். 0.2 முதல் 0.5 ஓம் வரை ஏதோ ஒன்று காட்டும். அது ப்ரோப் வயரின் சொந்த மின்தடை. குறித்துக்கொண்டு, இனி வரும் ஒவ்வொரு சிறிய எண்ணிலிருந்தும் கழியுங்கள். ஆர்இஎல் பொத்தான் இருந்தால் மீட்டரே கழித்துக்கொள்ளும். ப்ரோப்பைக் கையால் பிடித்து அழுத்துவதைவிட முதலை கிளிப் மாட்டுவது எவ்வளவோ மேல். எண் ஆடாது, விரலும் படாது.

இப்போது முதல் சோதனை. எதிர்முனை திறந்தே இருக்கட்டும். மீட்டரின் மிக உயர்ந்த ஓம் நிலையில் ஒரு ப்ரோப்பை நடுக்கம்பியிலும் மற்றதைக் கனெக்டரின் உலோக உடலிலும் வையுங்கள். நல்ல கேபிளில் ஓஎல் என்றே வர வேண்டும், அதாவது அளக்க முடியாத அளவு பெரிய மின்தடை. இடையில் உள்ள பாலிஎத்திலீன் அவ்வளவு நல்ல காப்பு. 20 மெகாஓம் வரை அளக்கும் மீட்டரில் எந்த எண் வந்தாலும் சந்தேகப்படுங்கள். சந்தேகப்படும் முன்பு இரண்டு உலோக முனைகளிலும் உங்கள் விரல் படுகிறதா என்று பாருங்கள். உடம்பே சில லட்சம் ஓமிலிருந்து மெகாஓம் வரை காட்டிவிடும்.

சில ஓம் மட்டும் வந்தால் ஷார்ட். சில ஆயிரம் ஓமிலிருந்து சில மெகாஓம் வரை வந்தால், அதுவும் நிற்காமல் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருந்தால், உள்ளே தண்ணீர். இதை உறுதி செய்ய எளிய வழி உண்டு. ப்ரோப்களை இடம் மாற்றி மறுபடி அளங்கள். உலர்ந்த கேபிளுக்குத் திசை கிடையாது. ஈரமான கேபிளில் இரண்டு எண்களும் வேறுபடும். பிறகு மீட்டரை டிசி மில்லிவோல்ட்டுக்கு மாற்றுங்கள். எதிலும் இணைக்காத கேபிள், பத்துக்கணக்கிலோ நூற்றுக்கணக்கிலோ மில்லிவோல்ட் காட்டினால் தீர்ப்பு எழுதிவிடலாம். செம்பு பூசிய நடுக்கம்பி, அலுமினியப் பின்னல், நடுவில் அழுக்குத் தண்ணீர்: பேட்டரிக்கு வேண்டியது எல்லாமே உள்ளே இருக்கிறது.

ஈரம் பிடித்த கேபிளைக் காயவைத்துப் பயன்படுத்தலாமா என்று கேட்காதவர் குறைவு. வேண்டாம். பின்னல் விளக்குத் திரி போலத் தண்ணீரை உறிஞ்சி மீட்டர் கணக்கில் உள்ளே இழுத்துவிடும். காய்ந்த பிறகு ஓஎல் காட்டும், ஆனால் அரிப்பு அங்கேயே இருக்கும். முனையிலிருந்து அரை மீட்டர் அரை மீட்டராக வெட்டிப் பாருங்கள். பின்னல் பளபளப்பாகத் தெரியும் இடத்தில் புதுக் கனெக்டர் போடலாம். வெள்ளைத் தூளும் பச்சைக் களிம்பும் கருமையும் மறைகிறவரை வெட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். ஐந்தாறு மீட்டர் தாண்டியும் கருமை விடவில்லையென்றால் முழுக் கேபிளையும் மாற்றுவதே புத்திசாலித்தனம்.

இரண்டாவது சோதனை தொடர்ச்சிக்கு. எதிர்முனையில் நடுக்கம்பியையும் கனெக்டர் உடலையும் ஒரு சிறு வயரால், இரு பக்கமும் முதலை கிளிப் உள்ளதாக, ஷார்ட் செய்யுங்கள். இந்த முனைக்கு வந்து குறைந்த ஓம் நிலையில் அளங்கள். இப்போது வருவது நடுக்கம்பியின் மின்தடையும் ஷீல்டின் மின்தடையும் சேர்ந்த கூட்டுத்தொகை. ஷார்ட் வயருக்குப் பதிலாக 75 ஓம் டெர்மினேட்டரை மாட்டினால் இன்னும் நல்லது, ஒரே அளவில் மூன்று பதில்கள் கிடைக்கும். 75 ஓமும் கேபிளின் சில ஓமும் சேர்ந்து வந்தால் நலம், ஓஎல் என்றால் எங்கோ அறுந்திருக்கிறது, ஒற்றை இலக்கம் என்றால் வழியில் ஷார்ட். ரேடியோ ஆட்கள் ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் டம்மி லோடும் இதே வேலையைச் செய்யும்.

எத்தனை ஓம் வந்தால் சரி? இங்கேதான் நடுக்கம்பி எதனால் ஆனது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆர்ஜி-6 கேபிளின் நடுக்கம்பி ஒரு மில்லிமீட்டர் தடிமன். முழுச் செம்பானால் மீட்டருக்குச் சுமார் 0.02 ஓம், 40 மீட்டருக்கு 0.8 ஓம். ஆனால் டிஷ்ஷுக்கும் கேபிள் டிவிக்கும் வரும் ஆர்ஜி-6களில் பெரும்பாலானவை செம்பு பூசிய எஃகு. அதில் மீட்டருக்கு 0.1 ஓம், 40 மீட்டருக்கு 4 ஓம். அலுமினியப் பின்னலும் தாளும் சேர்ந்த ஷீல்டு மீட்டருக்கு 0.03 ஓம் அளவில் கூட்டும். ஆக எஃகுக் கேபிளில் 40 மீட்டருக்கு 5 ஓம் வந்தால் பதற வேண்டாம், அது அதன் இயல்பு. நடுக்கம்பியில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், இதன் மின்தடை முழுச் செம்பைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். கேமராவுக்குப் போடும் ஆர்ஜி-59இல் நடுக்கம்பி மெலிது, முழுச் செம்பானாலும் மீட்டருக்கு 0.033 ஓம்.

கணக்குப்படி 5 ஓம் வர வேண்டிய இடத்தில் 12 ஓம் வந்தால் பழுது இருக்கிறது, மீட்டர் பீப் அடித்தாலும்கூட. பீப்பை நம்பாதீர்கள் என்பதற்கு இதுதான் காரணம். பல மீட்டர்கள் 30 ஓம், 50 ஓம் வரைக்கும், சில அதற்கு மேலும், பீப் அடிக்கும். துருப்பிடித்த கனெக்டருக்கும் நல்ல கனெக்டருக்கும் அதே சத்தம்தான்.

கூட்டுத்தொகை தவறென்று தெரிந்தால் குற்றம் நடுக்கம்பியிலா ஷீல்டிலா என்று பிரிக்க வேண்டும். இரண்டு முனைகளும் ஒரே இடத்தில் இருந்தால் நேராக அளந்துவிடலாம். சுவருக்குள் ஓடும் கேபிளுக்கு மூன்றாவது கம்பி ஒன்று வேண்டும். கூடவே ஓடும் இன்னொரு கேபிள் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் மெல்லிய வயர் ஒன்றை இழுத்துப் போடுங்கள். அதன் மின்தடையை முன்பே அளந்து வையுங்கள். எதிர்முனையில் அதை நடுக்கம்பியோடு கட்டி ஒரு அளவு, ஷீல்டோடு கட்டி ஒரு அளவு, இரண்டிலும் துணை வயரின் எண்ணைக் கழித்தால் தனித்தனி மின்தடை கைக்கு வந்துவிடும். என் கணிப்பில், எண் அதிகமாக வந்தால் பத்தில் ஒன்பது முறை ஷீல்டு பக்கம்தான், அதுவும் கனெக்டருக்குள் பின்னல் சரியாகப் பிடிபடாத இடம்.

இனி இடம் கண்டுபிடிப்பது. இதற்கு மொத்த நீளம் தெரிய வேண்டும். பெரும்பாலான கேபிள்களின் மேலுறையில் மீட்டர் அல்லது அடிக் கணக்கு வரிசையாக அச்சாகியிருக்கும், இரு முனைகளிலும் உள்ள எண்களைப் படித்துக் கழித்தால் நீளம்.

ஷார்ட் என்றால் மின்தடையால் தேடுவோம். இரண்டு முனைகளும் திறந்திருக்க, நடுக்கம்பிக்கும் ஷீல்டுக்கும் இடையே இந்த முனையிலிருந்து ஒரு அளவு, அந்த முனையிலிருந்து ஒரு அளவு எடுங்கள். ஷார்ட் ஆன இடத்துக்கே சொந்தமாகக் கொஞ்சம் மின்தடை இருக்கும். இரண்டு எண்களிலும் அது ஒரே அளவாகச் சேர்ந்திருப்பதால், கழித்துவிட்டால் காணாமல் போய்விடும். எஃகு நடுக்கம்பியுள்ள 40 மீட்டர் கேபிள் என்று வையுங்கள், நடுக்கம்பியும் ஷீல்டும் சேர்ந்து மீட்டருக்கு 0.13 ஓம். கீழ்முனையில் 2.1 ஓம், மாடி முனையில் 4.3 ஓம் வந்தது. வித்தியாசம் 2.2. அதை 0.13ஆல் வகுத்தால் ஏறத்தாழ 17 மீட்டர். மொத்த 40இல் 17 போக 23, அதில் பாதி 11.5. எண் குறைவாக வந்த முனையிலிருந்து, அதாவது கீழிருந்து, 11.5 மீட்டரில் ஷார்ட். அங்கே போய்ப் பார்த்தால் படத்துக்கு அடித்த ஆணியோ, இறுக்கமாக அறைந்த கிளிப்போ இருக்கும். உங்கள் கேபிளின் மீட்டருக்கான எண்ணை என் கணக்கிலிருந்து எடுக்காமல், மீதமிருக்கும் அதே ரகத் துண்டு ஒன்றின் மறுமுனையை ஷார்ட் செய்து அளந்து எடுப்பது நல்லது. முழுச் செம்புக் கேபிளில் இந்த முறை அவ்வளவு கூர்மையாக இருக்காது. 0.1 ஓம் வரைதான் படிக்கும் மீட்டரில் ஒரு இலக்கம் ஆடினாலே ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும்.

கணக்கே போட வேண்டாத நேரமும் உண்டு. ப்ரோப் மின்தடையைக் கழித்த பிறகு ஒரு முனையில் ஏறக்குறைய பூஜ்யம் வருகிறதென்றால் ஷார்ட் அந்தக் கனெக்டருக்குள்ளேயே. பின்னலின் ஒற்றை முடியிழை மடங்கி நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கனெக்டரை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி அளங்கள். ஓஎல் வந்தால் வேலை முடிந்தது.

அறுந்திருந்தால் மின்தடையால் பயனில்லை, கெப்பாசிட்டன்ஸ் நிலை உள்ள மீட்டர் வேண்டும். கோஆக்சியல் கேபிள் நீளமான ஒரு கெப்பாசிட்டர்தான். நுரை பிளாஸ்டிக் உள்ள ஆர்ஜி-6க்கு மீட்டருக்குச் சுமார் 53 பிகோஃபாரட், திடப் பிளாஸ்டிக் உள்ள ஆர்ஜி-59க்கு 67, 50 ஓம் ஆர்ஜி-213க்கு 101. நாற்பது மீட்டர் ஆர்ஜி-6 முழுதாக இருந்தால் 2.12 நானோஃபாரட் வர வேண்டும். இரு முனைகளையும் திறந்து வைத்து, ப்ரோப்களைக் கேபிளில் வைக்கும் முன்பு மீட்டர் காட்டும் சிறு எண்ணைக் குறித்துக் கழித்துவிட்டு அளங்கள். கீழிருந்து 0.64 நானோஃபாரட் வந்தால் 640ஐ 53ஆல் வகுத்து 12 மீட்டர். மேலிருந்து 1.48 வந்தால் 28 மீட்டர். இரண்டும் சேர்ந்து 40, ஆகவே அறுந்த இடம் ஒன்றே. கூட்டுத்தொகை 1.6 நானோஃபாரட்தான் என்றால் நடுவில் சுமார் 10 மீட்டர் எந்தப் பக்கத்திலிருந்தும் மீட்டருக்குத் தெரியவில்லை, அதாவது இரண்டு இடங்களில் அறுந்திருக்கிறது. எலி கடித்த கேபிள்களில் இப்படி வரும். கேபிளில் ஷார்ட்டோ ஈரமோ இருந்தால் இந்த எண்களுக்கு அர்த்தமில்லை, அதனால்தான் ஓஎல் சோதனையை முதலில் வைத்தேன். 40 மீட்டரில் ஒரு மீட்டர் முன்பின் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லா எண்களும் சரி, ஆனால் சிக்னல் மட்டும் விட்டுவிட்டு வருகிறது என்றால் ஆட்டிப் பார்க்க வேண்டும். எதிர்முனையில் ஷார்ட் வயரோ டெர்மினேட்டரோ இருக்கட்டும், மீட்டரில் குறைந்தபட்சம், அதிகபட்சம் பதிவு செய்யும் வசதி இருந்தால் போடுங்கள். கனெக்டருக்குப் பின்னால் 10 செ.மீ. தூரத்தில் கேபிளைப் பிடித்து நான்கு பக்கமும் மெதுவாக வளையுங்கள். பிறகு ஒவ்வொரு வளைவிலும், கிளிப் அடித்த ஒவ்வொரு இடத்திலும். எண் குதிக்கும் இடம்தான் பழுது. டிஷ் கேபிளில் திருகி மாட்டும் எஃப் கனெக்டரில் கேபிளின் நடுக்கம்பியே பின்னாக வேலை செய்வதால், அது கனெக்டர் விளிம்பைத் தாண்டி 2 அல்லது 3 மி.மீ. நீண்டிருக்க வேண்டும். குறைந்தால் சாக்கெட்டின் உள்பிடியை எட்டாது, வெயிலில் தொடும், குளிரில் விடும். இரண்டு கேபிள்களை ஒட்டும் பேரல் ஜாயின்டும் சந்தேகத்துக்குரியது. தடித்த கம்பி ஒன்றை ஒரு முறை நுழைத்தாலே உள்ளே உள்ள ஸ்பிரிங் விரிந்துவிடும். அதன் பிறகு சாதாரண ஆர்ஜி-6 அதில் தளர்வாகத்தான் நிற்கும். பேரலைச் சரிசெய்ய முயலாமல் மாற்றிவிடுங்கள்.

டிஷ் கேபிளுக்கு ஓம் அளவைவிட நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது, பலர் அதைச் செய்வதேயில்லை. மீட்டர் ஓம் நிலையில் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். பின்னலில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் எண் நன்றாகவே வரும். எல்என்பி இழுக்கும் 100 முதல் 200 மில்லிஆம்பியர் ஓடும்போதுதான் அந்த இணைப்பின் லட்சணம் தெரியும். எனவே எல்லாவற்றையும் மறுபடி மாட்டி, எல்என்பி பக்கத்தில் ஒரு டி (T) வடிவப் பிரிப்பான் வழியாக, மின்சாரம் ஓடும்போதே டிசி வோல்ட் பாருங்கள். 5 ஓம் கேபிளில் 150 மில்லிஆம்பியர் ஓடினால் 0.75 வோல்ட் குறையும், 18 வோல்ட் 17.25 ஆகும். இது இயல்பு. 15க்கு அருகில் இறங்கினால்தான் சிக்கல். எல்என்பி 13 வோல்ட்டைச் செங்குத்து அலைக்கும் 18 வோல்ட்டைக் கிடைமட்ட அலைக்கும் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது, இரண்டையும் பிரிக்கும் கோடு 15 வோல்ட்டை ஒட்டித்தான். அதற்குக் கீழே போனதும் எல்என்பி செங்குத்துக்கு மாறிவிடும், கிடைமட்டச் சேனல்கள் மொத்தமாக மறையும். பாதிச் சேனல்கள் மட்டும் வரவில்லை என்றால் டிஷ்ஷைத் திருப்பும் முன்பு இதை அளங்கள். அளக்கும்போது ப்ரோப் நழுவி நடுக்கம்பியையும் உடலையும் சேர்த்துத் தொட்டால் செட்டாப் பாக்ஸின் வெளியீடு ஷார்ட் ஆகும். பாதுகாப்புச் சுற்று இருக்கும்தான், அதைச் சோதித்துப் பார்க்கும் நேரம் இதுவல்ல.

மல்டிமீட்டரால் முடியாதவையும் உண்டு. உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பியின் மேல்தோலில் மட்டுமே ஓடும். 1 கிகாஹெர்ட்ஸில் செம்பில் அந்தத் தோலின் தடிமன் சுமார் 2 மைக்ரோமீட்டர். எஃகின் மேல் பூசிய மெல்லிய செம்பு போதுமானதாக இருப்பது இதனால்தான். அந்த மேல்தோல் அரித்துப்போனால் மீட்டர் நல்ல எண்ணையே காட்டும், சிக்னல் மட்டும் கரைந்துவிடும். கேபிளை மடக்கியோ நசுக்கியோ இருந்தாலும் இதே கதைதான். நடுக்கம்பிக்கும் ஷீல்டுக்கும் இடையிலான தூரம் மாறியதால் அலை திரும்பி எதிரொலிக்கும், டிசிக்கு ஒன்றும் தெரியாது. ஷீல்டு கிழிந்து வெளி இரைச்சல் உள்ளே வருவதையும் மீட்டர் அறியாது. மாறாக, நடுக்கம்பி மயிரிழை அளவு அறுந்திருந்தால் மீட்டர் ஓஎல் காட்டும், ஆனால் சாதாரண டிவி ஆன்டெனாவில் அந்த இடைவெளியைச் சிக்னல் தாண்டி மங்கலாகவேனும் படம் வந்துகொண்டிருக்கும். படம் வருகிறதே, கேபிள் எப்படி அறுந்திருக்கும் என்று வாதிடுபவர்களுக்கு இதுதான் பதில்.

மேலே சொன்ன அனைத்தும் சரியாக வந்தும் சிக்னல் பலவீனமாகவே இருந்தால், ஜன்னல் வழியாக ஒரு தற்காலிகக் கேபிளைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அதில் சரியாக வந்தால் பழைய கேபிளுக்கு ஓம் எண்கள் என்ன சொன்னாலும் பொருட்படுத்த வேண்டாம், மாற்றிவிடுங்கள். மாற்ற முடியாத இடத்தில் ஓடுகிறது, எந்த மீட்டரில் நசுங்கியிருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றால், அலை எதிரொலிப்பதை வைத்துத் தூரம் சொல்லும் நானோவிஎன்ஏ அல்லது டிடிஆர் கருவி வைத்திருப்பவரை அழைக்க வேண்டும். கேபிளின் ரகத்தையும் நீளத்தையும் நீங்கள் எடுத்த எண்களையும் எழுதிக் கொடுத்தால் அவர் வேலை பாதியாகும்.